பக்கத்துப் பல்

"பல்லு திரும்பி வந்துட்ச்சு பாய்" என்று சொல்லி, செல்வம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தான்.

ஒவைஸ் உடனே நிமிரவில்லை. காலடிப்பேட்டையில் தன் வீட்டு மாடியிலேயே பல் லேப் நடத்துகிறவர் அவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் உடைந்த பல்லுக்குப் பீங்கானில் உறை செய்து, சூளையில் வைத்து மெருகேற்றிக் கொடுப்பார். செல்வம் அதை பைக்கில் கொண்டுபோய் கிளினிக் கிளினிக்காகச் சேர்ப்பான். இந்த லேப்பிலிருந்து போன பல், போன வாயிலேயே தங்கிவிடும். திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"வேற லேப்போட டப்பாவ மாத்தி எடுத்தாந்திருப்ப."

"இல்ல பாய். நவ்ரீன் டாக்டரம்மா அவங்க கையாலயே குட்த்தாங்க. ராயபுரம் லியோனார்டு அண்ணன் பல்லு. டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னா..."

"கலரு கம்மின்னு சொல்லியிருப்பாங்க."

"இல்ல, ரொம்ப..."

"ரொம்ப பெருசா? நான்தான் அளவுல ஒரு மயிரிழைகூட..."

"ரொம்ப மின்னுதாம் பாய்!" என்று செல்வம் மூச்சுப்பிடித்துக் கத்தினான்.

ஒவைஸுக்கு அப்படி ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை இவர்தான் முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக.

மின்னுகிறதாம்! ஒவைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய பெருமையே அந்த மினுமினுப்புதானே. பீங்கான் பல்லின்மேல் கண்ணாடிக் குழம்பை மெல்லிசாகப் பூசி, சூளையில் சுட்டு எடுத்தால், மழையில் கழுவிவிட்ட பளிங்குபோல வரும். ‘ஒவைஸ் பாய் மெருகு’ என்றால் தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை பல் டாக்டர்கள் மத்தியில் ஒரு பேர். அதைப் போய்க் குறை சொல்வதாவது!

போன் அடித்தது. டாக்டர் நவ்ரீன்.

"ஒவைஸ் பாய், வேலை சுத்தமா இருக்கு. அளவு, கலர் எல்லாம் சரி. ஆனா பளபளப்புதான் அதிகம். லியோனார்டு அண்ணனோட பொண்ணு சில்வியா மஸ்கட்ல நர்ஸ். தன்னோட கல்யாணத்துக்காக வந்திருக்காங்க. மொபைல்ல ஃபிளாஷ் போட்டு அப்பாவைப் படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. அதுல அவரே தெரியல. இந்தப் பல்லு மட்டும் டியூப் லைட் மாதிரி எரியுது."

"கேமராவுல எல்லாம் அப்டித்தான் மேடம்..."

"கல்யாணமே கேமராவுலதானே பாய் நடக்குது? பக்கத்துப் பல்லு மாதிரியே இருந்தாப் போதும். அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பக்கத்துப் பல்லு வந்து..."

"வயசான பல்லு, புரியுது மேடம். பளபளப்பைக் கொறைக்கணும், அவ்ளோதானே?" என்று சொல்லி ஒவைஸ் போனை வைத்துவிட்டார்.

அதைச் சாதாரண விஷயமாக விடவும் முடியாது. லேப்புக்கு வருகிற வேலையில் பாதிக்குமேல் நவ்ரீன் டாக்டரிடமிருந்துதான். அண்ணா நகரிலிருந்து, கம்ப்யூட்டரிலேயே பல் செய்கிற ஒரு லேப்காரன், டை கட்டிக்கொண்டு, அந்த கிளினிக் வாசலில் அடிக்கடி உட்கார்ந்திருப்பதை செல்வம் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான்.

மினுமினுப்பு வேண்டாமா? சரி. ஒவைஸ் ரப்பர் சக்கரத்தை மிஷினில் மாட்டினார். பல்லின்மேல் தான் ஏற்றிய கண்ணாடி மெருகை, பெற்ற பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர் மாதிரி மனசைக் கல்லாக்கிக்கொண்டு தேய்த்து எடுத்தார். கோபத்தில் கொஞ்சம் கூடவே தேய்த்துவிட்டார். பல் சாக்பீஸ்போல மங்கிப்போனது.

"போய்க் குடு. இனிமே எந்த ஃபிளாஷ் அட்ச்சாலும் இத்துக்குக் கண்ணு கூசாது."

டாக்டர் அதைத் தற்காலிகப் பசையில் ஒட்டி, நாலு நாள் பழகிப் பார்க்கட்டும் என்று லியோனார்டை அனுப்பிவைத்தார்.

லியோனார்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அமைதியான மனிதர். நண்டுக் காலைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டது ஒன்றுதான் அண்மையில் அவர் செய்த ஆர்ப்பாட்டம். கிரேன் வேலை விட்டுப்போனாலும் அந்த வேலையோடு வந்த டீப் பழக்கம் விடவில்லை. கடுந்தேநீர், ஒரு நாளைக்கு எத்தனை என்று யாரும் எண்ணியது கிடையாது. மற்றப் பற்கள் எல்லாம் டீ வந்தால் வழிவிட்டு உள்ளே அனுப்பிவிடும். மெருகு போய்ச் சொரசொரத்துக் கிடந்த இந்தப் புதுப் பல், டீயை நிறுத்திவைத்துத் தானே குடித்தது.

இரண்டாம் முறை டப்பாவில் வந்தது, டீயில் முக்கி எடுத்த பொறை ரொட்டியின் நிறத்தில் இருந்தது.

இந்த முறை டப்பாவோடு ஆட்களும் வந்தார்கள். சில்வியா முன்னால். பின்னால், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு லியோனார்ட்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் சில்வியா. "டாடி என் கையைப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டினு போவணும். எல்லாரும் எங்க ரெண்டு பேரையும்தான் பாப்பாங்க. டாடியோ பல்லு தெரியக்கூடாதுன்னு சிரிக்கவே மாட்டேங்கறாரு. கல்யாணத்துக்கு வந்தவரு மாதிரியே இல்ல, துக்கம் விசாரிக்க வந்தவரு மாதிரி கீறாரு. அவரு பக்கத்துப் பல்லு எவ்ளோ அழகா கீது! அத்த மாதிரி ஒண்ணு, அவ்ளோதான் கேக்கறேன்."

"அந்தப் பல்லைப் பாக்காம நான் எப்டிம்மா சொல்றது? அண்ணே, இப்டி ஜன்னலாண்ட வாங்க. வாயைத் தொறங்க."

லியோனார்ட் வாயைத் திறந்தார். ஒவைஸ் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

பிறந்ததிலிருந்து பல்லைப் பார்க்காதவர்போல அவர் அந்தப் பக்கத்துப் பல்லைப் பார்த்தார். அதில் கண்ணாடிப் பளபளப்பு இல்லை. மங்கலும் இல்லை. கடலோர ஈர மணலில் கிடக்கிற கிளிஞ்சலின் உட்புறம்போல ஒரு சாந்தமான ஒளி. வெளிச்சம் மேலே பட்டுத் தெறிக்காமல் உள்ளே கொஞ்சம் போய் உட்கார்ந்து எழுந்து வந்தது. இத்தனை வருஷ டீயில் ஒரு திட்டுக்கூட அதில் ஏறியிருக்கவில்லை.

"சுபானல்லா!" என்றார் ஒவைஸ், மெதுவாக. "ஜெரினா, இங்க வந்து பாரு. இத்தப் பாரு!"

கீழேயிருந்து டீ கொண்டுவந்த அவருடைய மனைவி ஜெரினா எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. அதுக்கு ஏன் அவர வாயப் பொளக்க வெச்சுகினு கீறீங்க, பாவம்?"

"அஹ்... அது வந்து பாய்... அந்தப் பல்லு..." என்று லியோனார்ட் ஆரம்பித்தார்.

"பேசாதீங்க அண்ணே, வெளிச்சம் மாறுது."

"இல்ல பாய், அது..."

"டாடி, அவரு பாக்கறாரு இல்ல? வாயை மூடாதீங்க" என்றாள் சில்வியா.

லியோனார்ட் வாயை மூடவில்லை. பேசவும் இல்லை.

"இத்தப் படைச்சவன் கை வேற, நம்ம கை வேற. நாம சுட்டாலும் சுரண்டினாலும் இந்த மெருகு வருமா? வராது" என்றார் ஒவைஸ். உடனே, "ஆனா உட மாட்டேன். கொண்டாந்தே தீருவேன்" என்றும் சொன்னார். 

அன்று மாலையே பழைய பல்லின் டீக் கறையைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிக் குழம்பைப் பாதியாக நீர்க்கவைத்துப் பூசிச் சுட்டார். ஒளி வரவில்லை. இன்னும் கொஞ்சம் பூசிச் சுட்டார். அதிகமாக வந்தது. மேலே லேசாகத் தேய்த்து, ஒரு கீற்று மஞ்சள் தீட்டி மறுபடி சுட்டார். பீங்கானைச் சூளைக்குள்ளும் வெளியிலுமாக விருந்தாளிபோல் அலைக்கழித்தால் அது ஒரு கட்டத்தில் கோபித்துக்கொள்ளும். கடைசியாகச் சூளைக் கதவைத் திறந்தபோது, எண்ணூர்ப் பக்கம் மொட்டைமாடியில் காயப்போட்டு அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த வெள்ளை வேட்டியின் நிறத்தில் அந்தப் பல் அவரைப் பார்த்தது.

இனி அதைத் தேற்ற முடியாது. புதுசுதான் செய்ய வேண்டும். செய்தார். உருவம் வந்தது, நிறம் வந்தது. மெருகு ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. ஆனால் எந்த மெருகை ஏற்றுவது? மின்னினால் டியூப் லைட், மங்கினால் பொறை ரொட்டி. ஒவைஸ் பூச்சுக் குழம்பைக் குழைத்துவைப்பதும், அது காய்ந்துபோவதும், மறுபடி குழைப்பதுமாக ஒரு பகல் முழுக்கப் போனது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. அவர் தன் தொடையில் தானே தட்டிக்கொண்டார்.

"டேய் செல்வம்! நம்ம பல்லைத்தானே அந்தப் பல்லு மாதிரி பண்ண முடியல? அந்தப் பல்லை நம்ம பல்லு மாதிரி பண்ணிட்டா?"

"அது எப்டி பாய்?"

"வெளுக்க வைக்கறது! பல்லு வெளுக்கற ஜெல்லு கீதுல்ல? மத்த பல்லெல்லாம் கொஞ்சம் வெளுப்பாயிட்டா, நம்ம மெருகு தனியாத் தெரியாது. கலந்துடும்."

டாக்டரைக் கேட்க வேண்டும் என்ற அளவுக்கு ஒவைஸுக்கு மரியாதை தெரியும். போன் போட்டார்.

"மேடம், லியோனார்டு அண்ணனுக்குப் பல்லை வெளுத்துட்டா இன்னா?"

"அதெல்லாம் வேணாம் பாய். அந்தப் பக்கத்துப் பல்லு வெளுக்கவே வெளுக்காது, ஏன்னா அது..."

"கெட்டியான பல்லு, பார்த்தேனே! அத்துக்கு இன்னா, ஸ்டிராங்கான ஜெல்லா வாங்கிட்டாப் போவுது. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம்."

அந்தப் பக்கம் "பாய்! பாய்!" என்று டாக்டர் கூப்பிட்டது, வைக்கப்பட்ட போனுக்குள் அடங்கிப்போனது.

பல் மருந்துச் சாமான் விற்கிற கடையில் இருப்பதிலேயே காரமான ஜெல்லை வாங்கி, ‘டாக்டர் குடுக்கச் சொன்னாங்க’ என்று செல்வத்தின் கையில் ராயபுரத்துக்கு அனுப்பினார். லியோனார்ட் சொன்னதைச் செய்கிற மனிதர். மேலும், சிரிக்காமல் இருந்து இருந்து அவருக்கே அலுத்துப்போயிருந்தது. ஜெல்லை ஒரு பல் விடாமல் பூசிக்கொண்டு, வாயைத் திறந்தபடி டி.வி. முன்னால் உட்கார்ந்தார். ஒரு வேளை பூசினால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. பெரிதாகப் பலன் தெரியவில்லையே என்று அவர் வேளாவேளைக்குப் பூசினார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சில்வியாவின் போன் வந்தது.

"பாய், இன்னா பாய் இது? எங்க டாடி பல்லெல்லாம் சுண்ணாம்பு அட்ச்ச செவுரு மாதிரி வெள்ளை வெளேர்னு கீது!"

"பார்த்தியா! நான் சொல்லல?"

"முழுசாக் கேளுங்க பாய்! எல்லாப் பல்லும் வெளுத்துப்போச்சு. அந்தப் பக்கத்துப் பல்லு மட்டும் அப்டியே கீது! கொஞ்சங்கூட அசையல! மொதல்ல ஒரு பல்லுதான் ஒத்துப்போவாம இருந்துச்சு. இப்போ உடைஞ்சது ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டு பல்லு!"

ஒவைஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு காரமான ஜெல்லுக்கும் மசியாத பல்! அந்த நிலையிலும் அவருக்கு அதன்மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. "இன்னா ரோஷம் பாரு அத்துக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்த போன் டாக்டருடையது. நவ்ரீன் டாக்டர் இதுவரை குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. "யாரைக் கேட்டு ஜெல் குடுத்தீங்க? நீங்க டாக்டரா, நான் டாக்டரா? அவர் ஈறு வெந்திருந்தா யார் பதில் சொல்றது? இந்தக் கல்யாணம் முடியட்டும், உங்களோட வேலை பண்றதா வேணாமான்னு நான் யோசிக்கணும். நான் முதல் நாள்லேருந்து ஒரு விஷயம் சொல்ல வரேன், அதைக்கூடக் கேட்க உங்களுக்குப் பொறுமை..."

ஒவைஸுக்கு அதற்குமேல் கேட்க நெஞ்சில் தெம்பில்லை. போனை மெல்ல மேசைமேல் வைத்து, அதன்மேல் மெருகு துடைக்கிற துணியை மடித்துப் போட்டார். துணிக்கடியில் டாக்டரின் குரல் கொசுபோல ரீங்கரித்து ஓய்ந்தது.

ஜெரினா டீயும், அவருக்குப் பிடிக்குமே என்று ஒரு தட்டில் நாலு கமர்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். மேசையில் இரண்டு பற்கள் கிடந்தன: வேட்டி நிறத்தில் ஒன்று, மெருகில்லாமல் மொட்டையாக ஒன்று. நடுவில் அவளுடைய கணவர், தலையில் கைவைத்துக்கொண்டு.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"விட்டுடுங்கன்னு சொல்லப் போற."

"இல்ல. டாக்டரம்மா உங்ககிட்ட இன்னாவோ சொல்ல வராங்க. அன்னிக்கு அந்த அண்ணனும் சொல்ல வந்தாரு. ஒருத்தரையாவது முழுசாப் பேச உட்டீங்களா?"

"அவங்க இன்னா பெருசா சொல்லிடப் போறாங்க? பல்லைப் பத்தி எனக்குத் தெரியாதது அவங்களுக்கு..." என்று சொல்லிக்கொண்டே ஒவைஸ் ஆத்திரத்தோடு ஒரு கமர்கட்டை வாயில் போட்டு ஓங்கிக் கடித்தார்.

டக்.

கமர்கட் முழுசாக இருந்தது.

ஒவைஸ் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஜெரினா அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாய்ப் பல் பாதியாகப் பிளந்து நின்றது.

"யா அல்லா! எந்த டாக்டர்கிட்ட போறது?"

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். நவ்ரீன் டாக்டர்.

மறுநாள் காலை, உலகத்தில் எங்கே போகக் கூடாது என்று நினைத்தாரோ அந்த நாற்காலியிலேயே ஒவைஸ் மல்லாந்து படுத்திருந்தார். செல்வம் மெருகேறாத புதுப் பல்லை டப்பாவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாயின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் நின்றான். டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஊசி போட்டார். வாய் மூடாதபடி இரண்டு பக்கப் பற்களுக்கும் நடுவே ஒரு ரப்பர்க் கட்டையைச் செருகினார். கன்னத்தில் பஞ்சு, நாக்குக்குக் கீழே எச்சில் உறிஞ்சுகிற குழாய்.

"மரத்துப்போகப் பத்து நிமிஷம் ஆகும் பாய். அப்படியே இருங்க" என்றார் டாக்டர். எதற்கோ லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உள்ளறைக்குப் போய்விட்டார்.

கதவு திறந்து லியோனார்டும் சில்வியாவும் வந்தார்கள். ஒவைஸின் கோலத்தைப் பார்த்ததும் சில்வியாவின் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "ஐயோ பாய், உங்களுக்கே இப்டி ஆயிட்ச்சா?" என்றாள். அதற்குள் பூக்கட்டுகிறவரிடமிருந்து அவளுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள்.

அறையில் இரண்டே பேர். வாயை மூட முடியாத ஒவைஸும், இத்தனை நாளாக வாயைத் திறக்க மட்டும் அனுமதிக்கப்பட்ட லியோனார்டும்.

லியோனார்ட் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, நாற்காலிப் பக்கத்தில் நிதானமாக உட்கார்ந்தார்.

"வலிக்குதா பாய்?"

"ஆங்."

"எனுக்கு ஒண்ணும் கோவம் கெடையாது, தெரிஞ்சுதா? ஜெல்லுன்னு சொன்னீங்க, பூசிகினேன். டாக்டரம்மா பாத்துட்டு, ‘ஈறு நல்லாத்தான் இருக்கு, டீயை நிறுத்தாதீங்க, பழைய கலருக்கு இறங்கிடும்’னாங்க. நேத்துலருந்து குடிச்சுகினே கீறேன். டாக்டரே டீ குடிக்கச் சொன்னது என் வாய்க்குத்தான்." அவர் தன் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்தபோது அந்தப் பக்கத்துப் பல், டியூப் லைட் வெளிச்சத்தில், அதே கிளிஞ்சல் ஒளியோடு, ஒன்றுமே நடக்காததுபோல நின்றது.

ஒவைஸ் அதை அண்ணாந்து பார்த்தார். இந்த ஜென்மத்தில் தனக்குக் கைவராத ஒன்று. அவர் தொண்டையிலிருந்து ஒரு பெருமூச்சு, குழாய் வழியாகச் சர்ரென்று இறங்கிப் போனது.

"அந்தப் புதுசுக்கு இன்னும் மெருகு ஏத்தலயே?" என்று லியோனார்ட் கேட்டார்.

ஒவைஸ் இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் மறுபடி தண்ணீர். நாளைக்குக் கல்யாணம். மெருகு ஏற்ற வழி தெரியவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. "அங்... ஆங்..." என்று கட்டையோடு போராடினார்.

"ஏத்தாதீங்க. சூளை பக்கமே போவாதீங்க. நீங்க பேசாதீங்க பாய், நான் சொல்றேன்" என்று லியோனார்ட் அவர் தோளைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கத்துப் பல்லை நகத்தால் டிக் டிக் என்று தட்டிக் காட்டினார். "வர்தா புயலப்போ கரண்டு இல்லாம சூளை எரியலன்னு, ‘மெருகு ஏத்தல, கையாலயே மழமழன்னு தேய்ச்சுத் தந்துகீறேன், ஆறு மாசம் தாங்கினா பெருசு’ன்னு இதே டாக்டரம்மாகிட்ட சொல்லி அனுப்பினீங்களே ஒரு பல்லு, அத்துதான் பாய் இது!"